பாராமீட்டர் டைப்பை மைபை ஏன் தானாகக் கண்டுபிடிப்பதில்லை?

கேள்வி · 10 நவம்பர் 2025

அண்ணா, கல்லூரியில் ஓகேமல் என்ற நிரல் மொழி படித்தேன். அங்கே எந்த ஃபங்ஷனுக்கும் நான் டைப் (எண்ணா, எழுத்தா என்கிற வகை) எழுதியதில்லை. கம்பைலரே கண்டுபிடித்துச் சொல்லிவிடும், பொருந்தாவிட்டால் கம்பைல் ஆகாது. இப்போது வேலையில் பைத்தான். டைப் பொருந்துகிறதா என்று பார்க்கும் மைபை கருவியை ஓட்டினால் 'சிக்கல் எதுவும் இல்லை' என்கிறது, ஆனால் வாடிக்கையாளருக்குப் போகிற பில் தப்பாகப் போகிறது. பாராமீட்டருக்கு, அதாவது ஃபங்ஷன் வாங்குகிற மதிப்புக்கு, டைப் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் 1978இலேயே தீர்த்து வைத்த விஷயத்தை இன்றைக்கு மைபையால் செய்ய முடியாதா? சுத்தச் சோம்பேறித்தனம் என்றுதான் தோன்றுகிறது.

10 நவம்பர், இரவு

சோம்பேறித்தனம் இல்லை, தெரிந்தே செய்யாமல் விட்டது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஃபங்ஷனை இங்கே போடுங்கள். பில் தப்பு என்றால் எப்படித் தப்பு? கொஞ்சம் கூடுதலா, குறைவா, நம்பவே முடியாத தொகையா?

11 நவம்பர், காலை

நிரலைப் பார்த்தேன். மற்றவர்களுக்காக: 'மொத்தம்' என்று ஒரு ஃபங்ஷன். விலை, அளவு என்று இரண்டு பாராமீட்டர். இரண்டையும் பெருக்கித் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அளவு இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக வருகிறது. விலை ஒரு சிஎஸ்வி ஃபைலிலிருந்து வருகிறது, பைத்தானின் சிஎஸ்வி ரீடரோ நாம் வேறு மாதிரி கேட்காதவரை எல்லாக் கட்டத்தையும் ஸ்ட்ரிங்காகத்தான் (எழுத்துத் தொடராகத்தான்) கொடுக்கும்.

பைத்தானில் ஸ்ட்ரிங்கை இன்ட்டால் பெருக்கலாம். அத்தனை தடவை ஒட்டிக் கொடுக்கும். "12"ஐ 3ஆல் பெருக்கினால் 36 வராது, "121212" வரும். முப்பத்தாறு ரூபாய் பில் ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர் போன் பண்ணித் திட்டியிருந்தால் நல்லது. கட்டியிருந்தால்தான் சங்கடம்.

மைபை ஏன் வாய் திறக்கவில்லை? டைப் எதுவுமே எழுதாத ஃபங்ஷனுக்குள் அது நுழையவே நுழையாது. உள்ளே ஒரு ரிவீல்-டைப் (இதன் டைப் என்ன என்று மைபையைக் கேட்கிற வரி) வைத்துப் பாருங்கள், 'செக் செய்யாத ஃபங்ஷனில் இது எப்போதும் எனி என்றுதான் காட்டும்' என்று அதுவே குறிப்பு எழுதும். எனி என்றால் எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். வெளியே இருந்து கூப்பிடுபவருக்கும் விலை எனி, அளவு எனி, திரும்பி வருவதும் எனி. எனி எதனோடும் ஒத்துப்போகும், எதையும் தட்டிக் கேட்காது.

11 நவம்பர், மதியம்

'டைப் எழுதாத ஃபங்ஷனையும் செக் பண்ணு என்று ஒரு ஃபிளாக் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?' என்று கீழே ஒருவர். இருக்கிறது. அதைப் போட்டால் உள்ளே நுழைந்து பார்க்கும். ஆனால் பாராமீட்டர் அப்போதும் எனிதான். எனியை எனியால் பெருக்கினால் எனி. இந்த ஃபங்ஷனைப் பொறுத்தவரை நுழைந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

12 நவம்பர்

ஓகேமலில் இதே ஃபங்ஷனை எழுதினால் என்ன ஆகும் என்று படிப்படியாகப் பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் விலைக்கு இன்னது என்று தெரியாத ஒரு டைப், அளவுக்கு இன்னொன்று. இரண்டும் காலிப் பெட்டி. அப்புறம் நட்சத்திரக் குறி வருகிறது. ஓகேமலில் அந்தக் குறி இரண்டு இன்ட் வாங்கி ஓர் இன்ட் தரும். ஃப்ளோட்டை (தசம எண்ணை) பெருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு புள்ளி சேர்த்து வேறு குறியாக எழுத வேண்டும். ஆகவே விலையின் டைப் = இன்ட், அளவின் டைப் = இன்ட், விடையும் இன்ட். சமன்பாட்டைத் தீர்த்தாயிற்று. குறி எதுவுமே இல்லாத ஃபங்ஷன் என்றால்? ஒரு ஃபங்ஷனையும் ஒரு மதிப்பையும் வாங்கி, அதை இதன் மேல் ஓட்டு என்று மட்டும் எழுதினால், பெட்டி காலியாகவே இருக்கும். அப்போது 'எந்த டைப்பாக இருந்தாலும் சரி, அந்த ஃபங்ஷன் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்' என்று பொதுவான டைப் ஒன்றைக் கொடுக்கும்.

இப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கிற முறையை ராபின்சன் 1965இல் கொடுத்தார், தர்க்கத்தில் தேற்றம் நிரூபிக்கிற வேலைக்காக. டைப்புக்கு அதை ஹிண்ட்லி 1969இல் பயன்படுத்தினார். அதைப் பார்க்காமல் மில்னர் தனியாக எடின்பரோவில் எம்எல் மொழிக்காக 1978இல் வந்து சேர்ந்தார். இந்த முறை எப்போதும் மிகப் பொதுவான டைப்பையே கண்டுபிடிக்கும் என்று டாமஸ் அவரோடு சேர்ந்து 1982இல் நிறுவினார். ஆக, நீங்கள் சொன்ன வருடம் சரி. தீர்ந்துபோனது எந்தக் கணக்கு என்பதில்தான் கவனம் வேண்டும்.

மேலே நான் போட்டது எல்லாம் சமக்குறி. பைத்தானில் சமக்குறி போதாது. பூல் இன்ட்டின் கீழ் வரும். இன்ட்டை ஃப்ளோட் கேட்கும் இடத்தில் கொடுக்கலாம் என்று டைப் செக்கர்கள் ஏற்கின்றன. கிளாஸுக்குக் கீழே கிளாஸ். இங்கே வருவது 'இதற்குச் சமம்' என்பதில்லை, 'இதற்குள் அடங்கும்'. சமன்பாட்டுக் கணக்கு அசமன்பாட்டுக் கணக்காக மாறிவிடுகிறது, கண்டுபிடித்துச் சொல்கிற டைப்பும் பக்கம் பக்கமாக நீளத் தொடங்குகிறது. இதையும் ஓரளவு அழகாகத் தீர்க்கலாம் என்று ஸ்டீவன் டோலன் 2016 ஆய்வேட்டில் காட்டினார், அதனால் 'முடியவே முடியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்த ஒரு மொழியில்.

13 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு 'அப்படியானால் நல்ல அல்கோரிதம் கிடைத்தால் மைபை என் பக்கைப் பிடித்திருக்கும்' என்கிறீர்கள். பிடித்திருக்காது.

உலகத்திலேயே சிறந்த இன்ஃபரன்ஸ் (டைப்பைத் தானாகக் கண்டுபிடிக்கிற முறை) நம் கையில் இருக்கிறது என்று வையுங்கள். அது ஃபங்ஷனின் உடலைப் பார்க்கிறது. பெருக்கல் ஒன்றுதான் இருக்கிறது. பைத்தானில் பெருக்கல் என்றால், இடப்பக்கம் இருப்பதற்கு வலப்பக்கத்தை ஏற்கிற பெருக்கல் மெத்தட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலப்பக்கம் இருப்பதற்குத் தலைகீழ்ப் பெருக்கல் மெத்தட் இருக்க வேண்டும். ஆகவே விலைக்கு அது கண்டுபிடிக்கும் டைப்: 'அளவோடு பெருக்க முடிகிற எதுவும்'. இன்ட் பொருந்தும், ஃப்ளோட் பொருந்தும், டெசிமல் பொருந்தும், லிஸ்ட் பொருந்தும், நம்பை வரிசை பொருந்தும். ஸ்ட்ரிங்கும் பொருந்தும்! "12"ம் 3ம் கச்சிதமாகப் பொருந்துகிற ஜோடி. எரர் வராது, வரவும் கூடாது.

விலை என்பது எண் என்ற விஷயம் அந்த ஃபங்ஷனில் எங்கேயும் எழுதப்படவில்லை. அது உங்கள் தலையில் இருந்தது.

14 நவம்பர்

ஹாஸ்கெல்காரர் ஒருவர் வந்து, தங்கள் ஊரில் பெருக்கலுக்கு 'நம்' கிளாஸ் (எண் வகைகளின் தொகுப்பு) தேவை, ஸ்ட்ரிங் அதில் இல்லை, அதனால் அங்கே இது கம்பைலிலேயே நின்றிருக்கும் என்கிறார். நின்றிருக்கும். அந்த ஏற்பாட்டை வாட்லரும் பிளாட்டும் 1989இல் கொடுத்ததே ஒரே குறியை இன்ட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் பயன்படுத்தத்தான். ஆனால் அங்கே காப்பாற்றியது இன்ஃபரன்ஸ் இல்லை. பெருக்கல் என்றால் எண்ணுக்குத்தான் என்று மொழியே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கிறது, இன்ஃபரன்ஸ் அந்த முடிவைக் கூப்பிடும் இடம் வரை சுமந்து வருகிறது. பைத்தான் அந்த முடிவை எடுக்கவில்லை. செக்கர் வந்து அதை மாற்ற முடியாது.

14 நவம்பர், இரவு

ஜாவாஸ்கிரிப்டில் "12" பெருக்கல் 3 என்றால் 36. பில் சரியாகப் போயிருக்கும். யாரும் இந்த இழையைத் திறந்திருக்க மாட்டார்கள்.

16 நவம்பர்

உடலை விட்டுவிட்டுக் கூப்பிடும் இடத்தைப் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பைரைட் என்ற இன்னொரு டைப் செக்கர் இதைப் பாதி செய்கிறது. டைப் எழுதாத பாராமீட்டர் இருந்தால், நீங்கள் கூப்பிடும்போது கொடுத்த டைப்புகளை வைத்து ஃபங்ஷனை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, இந்த அழைப்புக்கு என்ன திரும்பி வரும் என்று கணிக்கும். பாராமீட்டர்கள் அதிகமானாலோ ஃபங்ஷன் பெரிதானாலோ விட்டுவிடும், இல்லாவிட்டால் எடிட்டர் நகராது.

உங்கள் நிரலில் அது என்ன சொல்லும்? மொத்தம் ஒரு ஸ்ட்ரிங் தருகிறது என்று சரியாகவே சொல்லும். நீங்கள் அதை நேராக அச்சிடுகிறீர்கள், ஸ்ட்ரிங்கை அச்சிடுவதில் குற்றமில்லை, எரர் இல்லை. அதை ஓர் இன்ட்டோடு கூட்டியிருந்தால் கூட்டும் வரியில் சிவப்புக் கோடு வந்திருக்கும். தப்பு நடந்த இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு. பெரிய நிரலில் இந்த இரண்டுக்கும் நடுவே நாலு ஃபைல் இருக்கும். நான் ஒரு முறை இப்படிக் கூட்டல் வரியில் சிவப்பைப் பார்த்து, ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பின்னோக்கிப் போய், கடைசியில் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிற வரியில் போய் நின்றேன். ஒரு பிற்பகல் போனது.

இன்னொன்று, பாராமீட்டருக்கு டீஃபால்ட் மதிப்பு இருந்தால் பைரைட் அதையும் பார்க்கும். டீஃபால்ட் 0 என்றால் இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். நன் (மதிப்பு எதுவும் இல்லை என்பது) என்றால் 'நன், அல்லது தெரியாத வேறு ஏதோ' என்று வைத்துக்கொள்ளும், அதுதான் நியாயம். மைபை டீஃபால்ட்டைப் பார்த்து இப்படி எதையும் முடிவு செய்யாது.

17 நவம்பர்

'பைடைப்?' என்று ஒரே சொல்லில் கேட்டவருக்கு: ஆமாம், கூகுளின் பைடைப் டைப் எழுதாத ஃபங்ஷனையும் விடாமல், கூப்பிடும் இடத்து டைப்பைக் கொண்டு உள்ளே போய்ப் பார்த்தது. கம்பைல் ஆன பைட்கோடைப் படித்தே அதைச் செய்தது. பைத்தான் 3.12தான் அது ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். ரூபியில் டைப்ப்ரோஃப் இதே வழி, 2020 டிசம்பரில் ரூபி 3.0வோடு வந்தது, நிரலை டைப்புகளாலேயே ஓட்டிப் பார்க்கும். இந்த வழியின் பலவீனம் எளிது: யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்கு டைப் கிடையாது. லைப்ரரி எழுதுபவருக்கு அத்தனை ஃபங்ஷனும் அப்படித்தான், கூப்பிடுபவர் வேறு ஊரில் இருக்கிறார்.

20 நவம்பர்

இதைப் பற்றி மேலும் யோசித்ததில், முதல் நாள் 'தெரிந்தே விட்டது' என்று ஒரே வரியில் போட்டதை விரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

உடலிலிருந்து கண்டுபிடிக்கிற டைப் இன்றைய உடலைப் பற்றியது. நாளை நான் ஃபங்ஷனுக்குள் ஒரு வரி சேர்த்தால் பாராமீட்டர் டைப் சத்தமில்லாமல் மாறும். என் ஃபங்ஷன் பச்சையாகவே இருக்கும், அதைக் கூப்பிடுகிற நாற்பது பேரின் ஃபைலில் சிவப்பு விழும். தவறு யாருடையது என்று செக்கருக்குத் தெரியாது. இருவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே! பாராமீட்டருக்கு டைப் எழுதினால் அங்கே ஓர் ஒப்பந்தம் உண்டாகிறது. உடல் மீறினால் உடலில் கோடு, கூப்பிடுபவர் மீறினால் கூப்பிடும் இடத்தில் கோடு.

இதை நான் சொல்வது பெரிதில்லை. முழுதாகக் கண்டுபிடிக்கத் தெரிந்த மொழிக்காரர்களே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஓகேமலில் மாட்யூலுக்கு வெளியே தெரிகிற டைப்புகளைத் தனி இன்டர்ஃபேஸ் ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். ஹாஸ்கெலில் எச்சரிக்கைகளை முழுதாகத் திறந்துவிட்டால், மேல்மட்ட ஃபங்ஷனுக்கு சிக்னேச்சர் (டைப் அறிவிப்பு) இல்லை என்று அதன் கம்பைலர் ஜிஹெச்சி முணுமுணுக்கும். ரஸ்ட் இன்னும் கறார்: ஃபங்ஷனுக்குள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் கண்டுபிடித்துக் கொள்ளும், ஆனால் பாராமீட்டருக்கும் திரும்பி வருவதற்கும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எனக்கு அதிகம் பிடித்த சாட்சி ஃபேஸ்புக்கின் ஜாவாஸ்கிரிப்ட் டைப் செக்கர் ஃப்ளோ. 2014இல் வந்தபோது அதன் பெருமையே, டைப் எழுதாத ஜாவாஸ்கிரிப்டிலும் கூப்பிடும் இடங்களைப் பார்த்துப் பாராமீட்டரைக் கண்டுபிடிக்கும் என்பதுதான். நிரல் பெருகப் பெருக, முதலில் ஏற்றுமதி செய்கிற ஃபங்ஷன்களுக்கு எழுதச் சொன்னார்கள். பிறகு அந்த இன்ஃபரன்ஸையே கைவிட்டு, சுற்றியிருக்கிற இடத்திலிருந்து தெரியாத பாராமீட்டருக்கெல்லாம் எழுதியே ஆக வேண்டும் என்று வந்தார்கள். வேகமும் ஒரு காரணம், எரர் எங்கே விழும் என்று மனிதர் ஊகிக்க முடியாமல் போனதும் ஒரு காரணம். செய்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சொல்வதற்கு எடை அதிகம்.

20 நவம்பர், சற்று நேரம் கழித்து

கணிதத் தடையும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் யாராவது வந்து கேட்பார்கள். பாராமீட்டராக வருகிற ஃபங்ஷனே பல டைப்புக்குப் பொதுவானதாக இருக்கலாம் என்று முழுச் சுதந்திரம் கொடுத்தால், எல்லா நிரலுக்கும் டைப் கண்டுபிடிக்கிற அல்கோரிதமே இருக்க முடியாது. வெல்ஸ் 1994இல் நிரூபித்தது. மில்னர் முறை வேலை செய்வது அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்காததால்தான்.

23 நவம்பர்

மங்கிடைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இன்ஸ்டாகிராம் ஆட்கள் செய்தது. நிரலை ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உண்மையில் என்ன வந்தது என்று குறித்துக்கொண்டு, அதையே டைப்பாக எழுதிக் கொடுக்கும். அளவெடுக்காமல் பழைய சட்டையைப் பார்த்துத் தைக்கிற மாதிரி. சட்டை சரியாக இருந்திருந்தால் தப்பில்லை.

நாங்கள் ஒரு பழைய நிரலில் டெஸ்ட்டுகளை ஓட்டிச் சேகரித்தோம். பாதி இடத்தில் பாராமீட்டர் டைப் 'மாக்' என்று வந்து நின்றது, டெஸ்ட்டில் எல்லாமே போலிப் பொருள்தானே. உங்கள் பில் நிரலை அதில் விட்டால் விலை: ஸ்ட்ரிங் என்று சுத்தமாக எழுதிக் கொடுக்கும். பக்குக்கு முத்திரை குத்தியாயிற்று.

ஆனாலும் ஒதுக்கமாட்டேன். ஆயிரம் ஃபங்ஷன் இருக்கும் இடத்தில் வெறுங்கையோடு தொடங்குவதற்குப் பதில் வரைவோடு தொடங்கலாம். வந்ததை ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

25 நவம்பர்

எர்லாங் மொழி பற்றி யாருமே பேசவில்லை, வருத்தமாக இருக்கிறது. அதன் செக்கரான டயலைசர் உடலிலிருந்துதான் பாராமீட்டரைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டு. 'எது கொடுத்தால் பத்திரம்?' என்று கேட்பதில்லை. 'எது கொடுத்தால் இந்த ஃபங்ஷன் ஒருவேளையாவது உருப்படியாகத் திரும்பி வரும்?' என்று கேட்கிறது. அதற்கு வெளியே எதையாவது கொடுத்தால் நிச்சயம் உடையும், அப்போது மட்டும் எச்சரிக்கும். லிண்டாலும் சகோனாஸும் 2006இல் எழுதிய முறை. அது எச்சரித்தால் உண்மையிலேயே அங்கே கோளாறு இருக்கும், எச்சரிக்காததால் எதுவும் நிரூபணமாகாது. டைப் எழுதப் பழகாத பெரிய பழைய நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் எனக்குத் தெரியாது. எர்லாங்கில் பெருக்கல் எண்ணுக்கு மட்டும்தான், ஆகவே உங்கள் பில்லை அது பிடித்திருக்கும்.

28 நவம்பர்

சுவாரசியமான செய்தி. கேட்டவர் விலைக்கு டெசிமல், அளவுக்கு இன்ட் என்று எழுதிவிட்டார், மைபை ஓட்டினார், இன்னமும் 'சிக்கல் எதுவும் இல்லை'. 'இப்போது சொல்லுங்கள் அண்ணா' என்று எழுதியிருக்கிறார், அதில் கொஞ்சம் சந்தோஷம் தெரிகிறது.

மொத்தத்தைக் கூப்பிடுகிற ஃபங்ஷனைப் பாருங்கள். அதற்கு டைப் எழுதியிருக்கிறீர்களா? இல்லை. அப்படியானால் மைபை அதற்குள் நுழையாது, ஸ்ட்ரிங்கைக் கொடுக்கிற வரி அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதியாயிற்று, மீறுபவர் காவலர் போகாத தெருவில் இருக்கிறார். 11ஆம் தேதி உதவாது என்று சொன்ன ஃபிளாக் இப்போது உதவும்: அதைப் போட்டால் அந்தத் தெருவுக்குள்ளும் போகும், சிஎஸ்வி வரியின் கட்டம் ஸ்ட்ரிங் என்று அதற்கே தெரியும், கூப்பிடும் வரியிலேயே கோடு விழும். அல்லது அந்த ஃபங்ஷன் பாராமீட்டர் வாங்காததால், எதையும் திருப்பித் தரவில்லை என்று அம்புக்குறி போட்டு நன் என்று எழுதினாலே போதும், அது டைப் எழுதிய ஃபங்ஷன் ஆகிவிடும்.

28 நவம்பர், மாலை

கோடு விழுந்துவிட்டதாம். ஸ்ட்ரிங்கை டெசிமலாக மாற்றுவதை எங்கே வைப்பது என்று அடுத்த கேள்வி. ஃபைலைப் படிக்கும் இடத்திலேயே வையுங்கள், மொத்தத்துக்குள் வேண்டாம். உள்ளே வைத்தால் விலையின் டைப் 'ஸ்ட்ரிங் அல்லது டெசிமல்' என்று ஆகும், அப்புறம் எல்லா ஃபங்ஷனும் அப்படியே ஆகும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எல்லாப் பாராமீட்டரும் ஸ்ட்ரிங் அல்லது இன்ட் அல்லது நன். டைப் இருந்தது, பிரயோஜனம் இல்லை.

2 டிசம்பர்

'எல்லாவற்றுக்கும் எழுத வேண்டுமா, லாம்டாவுக்குமா?' வேண்டாம், எழுதவும் முடியாது, பைத்தானில் லாம்டாவின், அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனின், பாராமீட்டருக்கு டைப் எழுத இடமே இல்லை. அங்கே மைபை உண்மையிலேயே கண்டுபிடிக்கிறது. பில்களின் லிஸ்ட்டை வரிசைப்படுத்தி, கீ என்று ஒரு லாம்டாவைக் கொடுத்தால், லிஸ்ட்டில் இருப்பது பில், கீ வாங்குவதும் பில், ஆகவே லாம்டாவின் பாராமீட்டர் பில் என்று போய்ச் சேரும். பில்லில் இல்லாத பெயரைத் தொட்டால் உடனே கோடு. டைப்ஸ்கிரிப்டில் மேப்புக்குள் எழுதுகிற கால்பேக்குக்கு நடப்பதும் இதுதான். உடலையும் பார்ப்பதில்லை, கூப்பிடுபவரையும் தேடுவதில்லை, அந்த இடம் என்ன டைப் எதிர்பார்க்கிறது என்பதை உள்ளே அனுப்புகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அதே லாம்டாவை முதலில் ஒரு வேரியபிளில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் அந்த வேரியபிளைக் கீயாகக் கொடுத்தால், அது எழுதப்பட்ட இடத்தில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, பாராமீட்டர் மறுபடி எனி. பெயர் வைக்கிற அளவுக்கு அது பெரிதாகிவிட்டால் ஃபங்ஷனாகவே எழுதி டைப் போட்டுவிடுங்கள். ரஸ்ட்டில் லாம்டா போன்ற குளோஷரை வேரியபிளில் வைத்தால் எனி ஆகாது. முதல் முறை எந்த டைப்போடு கூப்பிட்டீர்களோ அதிலேயே பூட்டிக்கொள்ளும், இரண்டாவது முறை வேறு டைப் கொடுத்தால் கம்பைல் ஆகாது.